கேட்பவருக்கும் வலிக்கும்: துணைநிற்கும் தன்னார்வலர்களின் மன அழுத்தம்

“எனக்கு என்ன? அடிபட்டது அவங்க. நான் சும்மா உட்கார்ந்து கேட்டேன், அவ்வளவுதானே!”

வன்முறையிலிருந்தோ விபத்திலிருந்தோ பேரிடரிலிருந்தோ மீண்டு வந்தவர்களுக்குத் துணையாக இருக்கும் தன்னார்வலரிடம் “நீங்க எப்படி இருக்கீங்க?” என்று கேட்டால் பெரும்பாலும் இந்தப் பதில்தான் வரும். பொய் சொல்லவில்லை, அவர் அப்படித்தான் நம்புகிறார். ஆனால் அதே ஆள் சில வாரங்களாக முன்பின் தெரியாத ஆணோடு லிஃப்டில் ஏறுவதில்லை. இரவில் கதவைப் பூட்டினோமா என்று எழுந்து எழுந்து போய்ப் பார்க்கிறார். பிள்ளை பள்ளியிலிருந்து வரக் கொஞ்சம் தாமதமானாலும் வியர்த்துப்போகிறார். கேட்டதற்கும் இதற்கும் தொடர்பு இருக்கலாம் என்று அவருக்குத் தோன்றுவதே இல்லை. தொடர்பு இருக்கிறது. அது எப்படி வருகிறது, வந்தால் என்ன செய்யலாம் என்பதைப் பார்ப்போம்.

முதலில், யாரைப் பற்றிப் பேசுகிறோம்? ஹெல்ப்லைனில் போனை எடுப்பவர். பாலியல் வன்முறைக்கு ஆளானவரோடு மருத்துவமனைக்கும் காவல் நிலையத்துக்கும் நீதிமன்றத்துக்கும் கூடவே போகிறவர். நிலநடுக்கமோ வெள்ளமோ வந்த பிறகு முகாமில் உட்கார்ந்து பேச்சுக்கொடுப்பவர். அகதிகள் சொல்வதை மொழிபெயர்த்துச் சொல்பவர். இவர்கள் மனநல மருத்துவர்கள் இல்லை, சம்பளமும் கிடையாது. சில நாள் பயிற்சி முடித்துவிட்டு வந்தவர்கள்.

பயிற்சி பெற்ற சாதாரண மனிதர் காதுகொடுத்துக் கேட்பதற்கே பெரிய பலன் உண்டு என்பது பழைய செய்தி. 1953-ல் லண்டனில் சாட் வாரா என்ற பாதிரியார் தற்கொலை எண்ணத்தில் தவிப்பவர்களுக்காக ஒரு தொலைபேசி எண்ணை அறிவித்தார். நேரில் வந்து அவருக்காகக் காத்திருந்தவர்களோடு பேசிக்கொண்டிருக்கச் சில தன்னார்வலர்கள் வந்தார்கள். பலர் அவர்களிடம் பேசியே மனம் லேசாகித் திரும்பிப் போவதை வாரா கவனித்தார். அடுத்த ஆண்டே கேட்கும் பொறுப்பைத் தன்னார்வலர்களிடம் ஒப்படைத்துவிட்டார். சமாரிட்டன்ஸ் அமைப்பு இப்படித்தான் உருவானது. 1970-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் தோன்றிய பாலியல் வன்முறை உதவி மையங்களும் தன்னார்வலர்களின் உழைப்பில்தான் நின்றன. கேட்பவருக்கு என்ன ஆகிறது என்று யாராவது கேட்பதற்கு இன்னும் கொஞ்ச காலம் பிடித்தது.

கேட்டது எப்படி உள்ளே தங்குகிறது

போனில் பேசும் பெண் ஒரே ஒரு வரிதான் சொல்கிறார்: “அவன் வர்றதுக்கு முன்னாடியே அந்த ஆஃப்டர்ஷேவ் வாசனை வந்துரும்.”

கேட்பவர் அந்த ஆளைப் பார்த்ததில்லை. அந்த வீட்டுக்குள் போனதும் இல்லை. ஆனால் அந்த வரியைப் புரிந்துகொள்ள வேண்டுமென்றால் மனம் ஒரு காட்சியை உண்டாக்கியே ஆக வேண்டும். அதற்கு வேண்டிய சரக்கை எங்கிருந்து எடுக்கும்? கேட்பவரின் சொந்த வாழ்க்கையிலிருந்துதான். நடைவழி தன் வீட்டு நடைவழியாக இருக்கும், அறை தன் தங்கையின் அறையாக இருக்கும். நடந்தது வேறொருவருக்கு, நடந்த இடம் மட்டும் நம்முடையதாகிவிடுகிறது. பிறகு ஒருநாள் பஸ்ஸில் பக்கத்தில் நிற்பவரிடமிருந்து அதே போன்றதொரு வாசனை வருகிறது, வயிற்றைப் புரட்டுகிறது. ஏன் என்று அவருக்கே உடனே பிடிபடாது.

நேரில் கேட்பதைவிட போனில் கேட்பது லேசு என்று புதிதாக வருபவர்கள் நினைப்பதுண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. நேரில் என்றால் எதிரே ஒரு முகம் இருக்கிறது. அழுது முடித்ததும் அவர் தண்ணீர் குடிப்பதையும், செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்புவதையும் பார்க்கிறோம். போனில் குரல் மட்டும்தான். மிச்சம் முழுவதையும் கற்பனைதான் நிரப்ப வேண்டும். இன்னொன்றும் இருக்கிறது: அழைப்பு பாதியில் துண்டிக்கப்பட்டால் அதோடு சரி. அந்தப் பெண் அன்றிரவு வீட்டைவிட்டு வெளியேறினாரா, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனாரா, உயிரோடு இருக்கிறாரா, எதுவும் தெரியாது. மருத்துவருக்கும் வழக்கறிஞருக்கும் ஒரு கேஸ் நல்லபடியாகவோ கெட்டபடியாகவோ ஒரு முடிவுக்கு வரும். தன்னார்வலரின் கையில் பெரும்பாலும் கதையின் நடுப்பகுதி மட்டும்தான் இருக்கும். முடிவு தெரியாததை மனம் விடாமல் அசைபோடும். கேட்டதை வீட்டில் சொல்லி ஆற்றிக்கொள்ளவும் வழியில்லை, ரகசியம் காக்க வேண்டிய கடமை வாயைக் கட்டிப்போடுகிறது.

காட்சிகளோடு இது நிற்பதில்லை. 1990-ல் லிசா மெக்கேன், லாரி ஆன் பேர்ல்மன் என்ற இரண்டு உளவியலாளர்கள், மனக்காயம் பட்டவர்களுக்குச் சிகிச்சை தருபவர்களின் உலகப் பார்வையே மெல்ல மாறிப்போவதைப் பற்றி எழுதினார்கள். பாதுகாப்பு, பிறர் மீதான நம்பிக்கை, மதிப்பு, நெருக்கம், நம் வாழ்க்கை நம் கையில் இருக்கிறது என்ற உணர்வு போன்றவைதான் ஆட்டம் காண்கின்றன. குழந்தைகள் மீதான வன்முறை பற்றி வாரக்கணக்கில் கேட்டுவரும் ஒருவர், தன் மகளைச் சித்தப்பா வீட்டில் ஒரு ராத்திரி விடுவதற்குத் தயங்க ஆரம்பிக்கிறார். அந்தச் சித்தப்பா தங்கமானவர். அவரைப் பற்றி எந்தச் சந்தேகமும் இல்லை. ஆனாலும் விட மனம் வரவில்லை. “இப்பதான் எனக்கு உலகம் புரிஞ்சிருக்கு” என்று அவர் சொல்லிக்கொள்வார். உண்மையில் அவருக்குத் தெரியவருவது உலகத்தின் ஒரு துண்டு மட்டும்தான், அதிலும் மிக மோசமான துண்டு. நல்லபடியாக இருக்கும் வீடுகளிலிருந்து யாரும் ஹெல்ப்லைனுக்குப் போன் செய்வதில்லை.

மூன்று பெயர்கள்

இந்தத் துறையில் படிக்க ஆரம்பித்தால் மூன்று சொற்கள் மாறி மாறி வரும். எழுதுபவர்களே அவற்றைக் குழப்பிக்கொள்வதுண்டு, அதனால் இங்கே சுருக்கமாக.

பர்ன் அவுட் என்பது வேலையால் வரும் சோர்வு. 1974-ல் உளவியலாளர் ஹெர்பர்ட் ஃபிராய்டன்பெர்கர் இதைப் பற்றி எழுதியபோது அவர் மனதில் இருந்தது பெரிய கம்பெனி ஊழியர்கள் அல்ல. நியூயார்க்கில் இலவச மருத்துவ மையத்தில் வேலை செய்த, தன்னையும் சேர்த்த, தன்னார்வத் தொண்டர்கள்தான். பகலெல்லாம் தன் தொழிலைப் பார்த்துவிட்டு மாலையில் மையத்துக்குப் போய் இரவு வெகுநேரம் உழைத்த ஆள் அவர். இன்று ஐடி அலுவலகங்களில் அடிக்கடி காதில் விழும் அந்தச் சொல் தன்னார்வலர்களிடமிருந்து பிறந்தது என்பது பலருக்குத் தெரியாது. கிறிஸ்டினா மஸ்லாக் பின்னர் இதற்கு மூன்று முகங்கள் உண்டு என்று வகுத்தார்: உணர்வெல்லாம் வற்றிப்போவது, உதவி கேட்டு வருபவர்கள் மீதே ஒரு எரிச்சலும் விலகலும் வருவது, நான் செய்வதால் எந்தப் பயனும் இல்லை என்று தோன்றுவது. உலக சுகாதார நிறுவனம் 2019-ல் வெளியிட்ட வகைப்பாட்டில் இதை நோய் என்று சொல்லவில்லை, வேலை சார்ந்த நிகழ்வு என்றே குறித்திருக்கிறது.

இரண்டாவது, இரண்டாம் நிலை மன அதிர்ச்சி. அடிபட்டவருக்கு வரும் அறிகுறிகள் கேட்டவருக்கும் வருவது: கெட்ட கனவு, திடீரென்று எழும் காட்சி, தூக்கிவாரிப்போடுவது, சில இடங்களைத் தவிர்ப்பது. சார்லஸ் ஃபிக்லி 1995-ல் இதைக் கருணைக் களைப்பு என்ற பெயரில் பிரபலப்படுத்தினார். பர்ன் அவுட் மாதக்கணக்கில் ஊறி வரும். இது ஒரே ஒரு அழைப்பிலும் வந்துவிடலாம். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் 2013-ஆம் ஆண்டுக் கையேடு, தொழில் நிமித்தமாகக் கொடூரமான விவரங்களைத் திரும்பத் திரும்ப எதிர்கொள்வதையும் மன அதிர்ச்சிக் கோளாறு (PTSD) வருவதற்கான காரணங்களில் ஒன்றாகச் சேர்த்தது. குழந்தை வன்கொடுமை வழக்குகளின் விவரங்களைத் தொடர்ந்து பார்க்கும் போலீஸ்காரர்களை அது உதாரணம் காட்டுகிறது. கேட்டாலே காயம் படலாம் என்பது மருத்துவக் கையேட்டில் ஏறிய விஷயம்.

மூன்றாவது, மறைமுக மனக்காயம் (vicarious traumatization). மெக்கேனும் பேர்ல்மனும் எழுதியதாக மேலே சொன்ன உலகப் பார்வை மாற்றத்தின் பெயர்தான் இது.

புதிதாக வருபவருக்கு இந்தப் பெயர்களைவிட ஒரே ஒரு வேறுபாடு முக்கியம் என்று நினைக்கிறேன். வெறும் சோர்வு என்றால் விடுமுறை ஓரளவு உதவும். தலைக்குள் ஓடும் காட்சி லீவு போட்டால் நிற்காது. இரண்டு வாரம் ஓய்வெடுத்துவிட்டு வந்தும் அதே கனவு வருகிறதென்றால், “இன்னும் கொஞ்சம் ரெஸ்ட் எடு” என்பது தவறான ஆலோசனை.

தன்னார்வலரின் நிலை ஏன் வேறு

2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு நியூயார்க்கின் உலக வர்த்தக மையத்தில் மீட்புப் பணியில் இறங்கிய ஏறக்குறைய 29,000 பேரிடம் இரண்டு, மூன்று ஆண்டுகள் கழித்து ஓர் ஆய்வு நடந்தது. 2007-ல் முடிவு வெளியானது. மன அதிர்ச்சிக் கோளாறுக்கான அறிகுறிகள் மொத்தத்தில் 12.4 சதவீதம் பேரிடம் தெரிந்தன. போலீஸ்காரர்களிடம் 6.2 சதவீதம். எந்த அமைப்பையும் சேராமல் தாமாக ஓடிவந்து உதவிய தன்னார்வலர்களிடம் 21.2 சதவீதம். ஒரே இடிபாடு, ஒரே புகை, ஆனால் மூன்று மடங்குக்கும் மேல் வித்தியாசம். தன் வழக்கமான தொழிலுக்குச் சம்பந்தமில்லாத வேலையைச் செய்தவர்களுக்குப் பாதிப்பு கூடுதலாக இருந்ததையும் அந்த ஆய்வு கண்டது.

இது போலீஸ்காரர்களின் மனவலிமைக்குச் சான்று என்று படித்தால் பாதிதான் புரிந்ததாகும். (தனக்கு ஏதும் இல்லை என்று சொல்லிக்கொள்ளும் பழக்கம் சீருடைக்காரர்களிடம் அதிகம் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.) போலீஸ்காரருக்கு என்ன பார்க்கப் போகிறோம் என்று ஓரளவு முன்கூட்டியே தெரியும். பக்கத்தில் சக ஊழியர் இருப்பார், பணி நேரம் முடிந்தால் மாற்று ஆள் வருவார், ஏதாவது ஆனால் பேசப் பொறுப்பான அதிகாரி இருப்பார். தாமாக வந்தவருக்கு இவற்றில் எதுவும் இல்லை. அவரைக் காப்பாற்ற நல்ல மனதைத் தவிர வேறு ஏற்பாடு கிடையாது. நல்ல மனமோ, “இன்னும் கொஞ்ச நேரம் இரு, இவர்களை விட்டுவிட்டு எப்படிப் போவாய்?” என்றுதான் சொல்லும்.

சம்பளத்துக்கு வேலை செய்பவருக்கு எட்டு மணி நேரம் என்றொரு வேலி இருக்கிறது. தன்னார்வலருக்கு அந்த வேலியே குற்ற உணர்ச்சியைத் தரும். “நான் என்ன சம்பளத்துக்கா வர்றேன், மணி பார்த்துக் கிளம்ப?” என்பார். போதும் என்று சொல்வதே துரோகம் போலப் படும். தான் கேட்பதோடு ஒப்பிட்டால் தன் கஷ்டம் எதுவுமே இல்லை என்ற எண்ணம் சேர்ந்துகொண்டால், உதவி கேட்கும் வழியும் அடைபட்டுவிடும்.

இன்னொரு விஷயத்தைக் கவனமாகச் சொல்ல வேண்டும். தான் பட்ட அடியை இன்னொருவர் படக் கூடாது என்றுதான் பலர் இந்த வேலைக்கு வருகிறார்கள். அது பலம். அடிபட்டவர் சொல்ல வருவதைப் பாதியிலேயே புரிந்துகொள்ளும் காது அவர்களுக்கு இருக்கிறது. அதே காது அவர்களுக்கு ஆபத்தும்கூட. சொந்தமாக மனக்காய அனுபவம் உள்ள சிகிச்சையாளர்களில், அதுவும் துறைக்குப் புதியவர்களிடம், பாதிப்பு அதிகமாகத் தெரிவதாகப் பேர்ல்மனின் பிந்தைய ஆய்வு சொன்னது. இதை வைத்து அப்படிப்பட்டவர்களைச் சேர்க்கவே கூடாது என்று முடிவெடுப்பது முட்டாள்தனம். எந்த வகை அழைப்பு இவரை உலுக்கும் என்று முன்பே வெளிப்படையாகப் பேசி, அந்த அழைப்பை வேறொருவருக்கு மாற்றிவிட ஒரு வழி வைத்தால் போதும்.

எதைக் கவனிப்பது

தூக்கம் கெடுவது, எரிந்து விழுவது, தலைவலி ஆகியவை எல்லோருக்கும் தெரிந்தவை. அவை வேறு நூறு காரணங்களாலும் வரும் என்பதால் அவற்றை வைத்து எதுவும் சொல்ல முடியாது. இந்த வேலைக்கே உரிய சில மாற்றங்கள் உண்டு. போன் ஒலித்ததும் “தயவுசெஞ்சு ராங் நம்பரா இருக்கணும்” என்று மனதுக்குள் வேண்டிக்கொள்வது. அழைப்பவர் அழ ஆரம்பித்ததும் அவசரமாக ஆறுதல் சொல்லிப் பேச்சை மூடப் பார்ப்பது. “இவ ஏன் இன்னும் அவனை விட்டுட்டு வரலை?” என்று கோபம் வருவது. இதற்கு நேரெதிராக, தன் சொந்த நம்பரைக் கொடுத்து “எப்ப வேணும்னாலும் கூப்பிடு” என்பது.

கடைசியில் சொன்னது வெளியே பார்க்கப் பெரிய அர்ப்பணிப்பு போலத் தெரியும். மற்றவர்கள் பாராட்டவும் செய்வார்கள். ஆனால் ஒருவரைத் தான் ஒருத்தியே காப்பாற்றியாக வேண்டும் என்று ஒரு தன்னார்வலர் நினைக்க ஆரம்பிப்பது, எரிச்சலைவிட முன்னதாகவே தெரியும் ஆபத்து அறிகுறி. அந்த நம்பருக்கு ஒருநாள் இரவு இரண்டு மணிக்கு அழைப்பு வரும். எடுக்க முடியாமல் போகும். பிறகு அடிபட்டவருக்கு இன்னொரு கைவிடப்பட்ட அனுபவம், தன்னார்வலருக்குக் காலமெல்லாம் ஒரு குத்தல்.

தன் நிலையைக் கொஞ்சம் முறையாகப் பார்க்க நினைப்பவர்களுக்கு ஒரு கேள்விப்பட்டியல் இருக்கிறது. பெத் ஹட்னல் ஸ்டாம் உருவாக்கியது, 30 கேள்விகள், கடந்த 30 நாட்களைப் பற்றியவை. சோர்வு, இரண்டாம் நிலை அதிர்ச்சி ஆகியவற்றோடு இந்த வேலையால் கிடைக்கும் நிறைவையும் அது அளக்கிறது. நோய் இருக்கிறதா என்று அது சொல்லாது. சில மாதங்களுக்கு ஒருமுறை போட்டுப் பார்த்தால் எந்தப் பக்கம் சரிகிறோம் என்பது மட்டும் தெரியும்.

சமாளிப்பது

உளவியலாளர்கள் ரிச்சர்ட் லாசரஸும் சூசன் ஃபோக்மனும் 1984-ல் சமாளிக்கும் வழிகளை இரண்டாகப் பிரித்தார்கள். ஒன்று, பிரச்சினையையே மாற்றுவது. மற்றொன்று, பிரச்சினையால் எழும் உணர்ச்சியைக் கையாள்வது. கையில் இருப்பதற்கு முதல் வழி பொருந்தும், கையில் இல்லாததற்கு இரண்டாவது. தன்னார்வலர்கள் தடுமாறுவது பெரும்பாலும் இரண்டையும் இடம் மாற்றிப் போடுவதால்தான். ஒருவருக்கு நடந்து முடிந்துவிட்ட கொடுமையை மாற்ற முடியாது. அதை எப்படியாவது சரிசெய்ய ராப்பகலாக ஓடுவார்கள். வாரத்தில் எத்தனை ஷிஃப்ட் என்பதை மாற்ற முடியும். அங்கே போய், மூச்சுப்பயிற்சி செய்து பொறுத்துக்கொள்வார்கள்.

2006-ல் டெட் போபர், செரில் ரெகர் இருவரும் கனடாவில் சிகிச்சையாளர்களிடம் நடத்திய ஆய்வை இந்த இடத்தில் சொல்லியாக வேண்டும். உடற்பயிற்சி, பொழுதுபோக்கு, சுயபராமரிப்பு இவற்றின் மீது நம்பிக்கை இருந்ததா, நேரம் ஒதுக்கினார்களா என்றெல்லாம் கேட்டார்கள். அப்படி ஒதுக்கிய நேரத்துக்கும் அதிர்ச்சி அறிகுறிகள் குறைவதற்கும் தொடர்பு தென்படவில்லை. வாரத்துக்கு எத்தனை மணி நேரம் மனக்காயம் பட்டவர்களோடு வேலை செய்தார்கள் என்பதற்குத்தான் தொடர்பு இருந்தது. எக்ஸ்ரே அறையில் வேலை செய்பவரிடம் “மனசைத் தைரியமா வச்சுக்கோங்க, கதிர் ஒண்ணும் செய்யாது” என்று யாரும் சொல்வதில்லை. எவ்வளவு கதிர் பட்டது என்று அளந்து, வரம்பு தாண்டாமல் பார்த்துக்கொள்கிறார்கள். இங்கேயும் கணக்கு அதுதான். எவ்வளவு கேட்கிறோம் என்பதுதான் முதல் கேள்வி. நடைப்பயிற்சியும் இசையும் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை, அவை மனிதருக்கு எப்போதும் நல்லவை. ஆனால் வாரம் ஐந்து ராத்திரி ஒருவரை உட்காரவைத்துவிட்டு “உங்களைப் பார்த்துக்கோங்க” என்று போஸ்டர் ஒட்டும் அமைப்பு, தன் பொறுப்பைத் தன்னார்வலர் தலையில் கட்டுகிறது.

அளவைக் குறைக்க இன்னொரு வழியும் உண்டு, அது கேட்கும் முறையிலேயே இருக்கிறது. உலக சுகாதார நிறுவனமும் வேறு இரு அமைப்புகளும் 2011-ல் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேடு மூன்று வேலைகளைத்தான் சொல்கிறது: பார், கேள், இணை. நடந்ததை விவரமாகச் சொல்லும்படி யாரையும் வற்புறுத்தக் கூடாது என்பது அதன் அழுத்தமான விதி. அடிபட்டவரின் நன்மைக்காக வந்த விதி இது. அதே விதி கேட்பவரையும் காக்கிறது. “அப்புறம் என்ன பண்ணான்?” என்று கேட்காமல் “இப்ப நீங்க பத்திரமா இருக்கீங்களா? பக்கத்துல யார் இருக்காங்க?” என்று கேட்டால், வந்தவருக்கு வேண்டியதும் கிடைக்கிறது, வேண்டாத காட்சி ஒன்று இருவர் தலையிலும் புதிதாக ஏறாமலும் போகிறது. அவராகவே சொல்ல விரும்பினால் கேட்கத்தான் வேண்டும். மூன்றாவது வேலையான ‘இணை’ என்பதையும் பலர் சும்மா சடங்குக்குச் செய்கிறார்கள். மருத்துவரிடமோ சட்ட உதவிக்கோ காப்பகத்துக்கோ ஒப்படைப்பதோடு தன்னார்வலரின் வேலை முடிகிறது. முடிய வேண்டும்.

உணர்ச்சியின் பக்கம் வந்தால், டானியா சிங்கர், ஓல்கா கிளிமெக்கி ஆகியோர் 2014-ல் வெளியிட்ட ஆய்வு பயனுள்ளது. துன்பப்படுபவர்களின் வீடியோவைக் காட்டி, அவர்களின் வலியைத் தன் வலியாக உணரும்படி சிலருக்குப் பயிற்சி கொடுத்தார்கள். அவர்களுடைய மனநிலை மோசமானது. அதே ஆட்களுக்குப் பிறகு, வலிப்பவரின் நலனை விரும்பும் பரிவைப் பழக்கினார்கள். கெட்ட உணர்வு குறைந்து நல்ல உணர்வு கூடியது. மூளையில் இயங்கிய பகுதிகளும் வேறாக இருந்தன. “அவங்க இடத்துல உன்னை வச்சுப் பாரு” என்பது தன்னார்வலர்களுக்குச் சொல்லப்படும் வழக்கமான அறிவுரை. பாதி நல்ல அறிவுரை. அவர் இடத்தில் உங்களை வைத்துப் பார்த்துவிட்டு, மறுபடி உங்கள் இடத்துக்குத் திரும்பி வந்து உட்கார்ந்தால்தான் கை நீட்ட முடியும். இருவரும் ஒரே குழிக்குள் இருந்தால் யார் யாரைத் தூக்குவது?

பேசி ஆற்றிக்கொள்வது பற்றி ஒரு எச்சரிக்கை. ஒரு கோர சம்பவம் முடிந்த கையோடு எல்லோரையும் வட்டமாக உட்காரவைத்து, பார்த்ததையும் உணர்ந்ததையும் ஒருவர் விடாமல் விவரமாகச் சொல்லவைக்கும் முறை 1980-களில் பரவியது. பின்னால் வந்த ஆய்வுத் தொகுப்புகள், ஒரே அமர்வில் முடியும் இந்த முறை அதிர்ச்சிக் கோளாறைத் தடுக்கவில்லை என்று காட்டின. இன்று இது பரிந்துரைக்கப்படுவதில்லை. ஆனாலும் பல இடங்களில் நல்லெண்ணத்தோடு இன்னும் நடக்கிறது. பேசுவதில் தவறில்லை. கட்டாயப்படுத்திப் பேசவைப்பதும், ஒருவர் கேட்ட கொடூரத்தைப் பத்துப் பேர் காதிலும் ஊற்றுவதும்தான் சிக்கல்.

மாற்றாக ஒரு பழக்கத்தை இந்தத் துறைக்காரர்கள் சொல்கிறார்கள். முன்கூட்டியே சொல்லி, சம்மதம் கேட்டு, விவரத்தைச் சுருக்கிப் பேசுவது. ஷிஃப்ட் முடிந்ததும் இளைய தன்னார்வலர் மூத்தவரிடம் வருகிறார்.

“அக்கா, இன்னைக்கு ஒரு கால் வந்துச்சு. குழந்தை சம்பந்தப்பட்டது, கொஞ்சம் கனமானது. இப்ப கேட்க முடியுமா, இல்ல அப்புறம் பேசலாமா?”

“இப்ப வேண்டாம்மா, நானும் ஒரு கேஸை முடிச்சிட்டு இப்பதான் எழுந்தேன். நாலு மணிக்கு உட்காருவோம்.”

நான்கு மணிக்கு அவர் சொல்வது இவ்வளவுதான்: “அந்தப் பொண்ணு பேசுனது அப்படியே என் தங்கச்சி பேசுற மாதிரி இருந்துச்சு அக்கா. போனை வச்ச பிறகும் கை நடுக்கம் நிக்கல. நான் சரியாத்தான் பேசினேனான்னு தெரியல.” குழந்தைக்கு என்ன நடந்தது என்பதை அவர் சொல்லவே இல்லை. சொல்ல வேண்டிய தேவையும் வரவில்லை. அவரை அழுத்தியது தங்கையின் குரலும் “சரியாகப் பேசினேனா” என்ற சந்தேகமும்தான். இரண்டையும் பற்றிப் பேச முடிந்தது, அக்கா தலையில் புதுக் காட்சி எதுவும் ஏறவில்லை.

நல்ல மேற்பார்வையாளர் ஒவ்வொரு ஷிஃப்டின் முடிவிலும் இதற்கென்று சில நிமிடம் வைத்திருப்பார். எந்த அழைப்பு இன்னும் மனசுல ஓடுது? அதுல நீ செய்ய வேண்டியது ஏதாவது பாக்கி இருக்கா? இருந்தா யார்கிட்ட ஒப்படைக்கிற? வீட்டுக்குப் போய் இன்னைக்கு என்ன பண்ணப் போற? கடைசிக் கேள்வி அரட்டை போல இருக்கும். ஆனால் “ஒண்ணுமில்ல, போய்ப் படுத்துருவேன்” என்ற பதில் மூன்று வாரம் தொடர்ந்து வந்தால் அவர் அதைக் குறித்துக்கொள்வார்.

தன்னார்வலர் தானாகச் செய்துகொள்ளும் சின்னச் சின்ன முடிப்புகளும் உண்டு. குறிப்பேட்டை மூடி அலமாரியில் வைத்துப் பூட்டுவது, முகம் கழுவுவது, வீடு வந்ததும் உடை மாற்றுவது. இவற்றுக்கு மந்திரசக்தி எதுவும் இல்லை. வேலை நேரம் முடிந்துவிட்டது என்பதை உடம்புக்குத் தெரிவிக்கும் ஒரு வழி, அவ்வளவுதான். மதுவும், விடிய விடிய போனைத் தேய்த்துக்கொண்டிருப்பதும், சோகத்தை மறக்க இன்னும் இரண்டு ஷிஃப்ட் சேர்த்துப் போட்டுக்கொள்வதும் அன்றைய ராத்திரியைக் கடத்த உதவும். அடுத்த மாதத்தைக் கெடுக்கும்.

இத்தனையும் சொன்ன பிறகும் ஏன் இவர்கள் ஆண்டுக்கணக்கில் தொடர்கிறார்கள்? 2007-ல் கொலம்பியாவில் அரசியல் வன்முறைக்கு ஆளானவர்களோடு வேலை செய்த சிகிச்சையாளர்களின் பேட்டிகளைத் தொகுத்த ஆய்வாளர்கள், அங்கே இன்னொன்றையும் கண்டார்கள். நொறுங்கிப்போனவர்கள் மெல்ல எழுந்து நிற்பதைக் கூட இருந்து பார்த்தவர்களுக்கு, தங்கள் சொந்தக் கஷ்டங்களைப் பார்க்கும் பார்வையே மாறியிருந்தது. காயம் தொற்றுவது போலவே மீளும் திறனும் தொற்றுகிறது. ஆனால் அதற்கு, மீள்வதைப் பார்க்க வாய்ப்பு வேண்டும். நான் முன்னே சொன்ன ‘கதையின் நடுப்பகுதி’ப் பிரச்சினை இங்கே குறுக்கே நிற்கிறது. சில குழுக்கள், அடையாளம் எதுவும் வெளியே வராமல், பின்னால் நன்றாக ஆனவர்களின் செய்தியை அவர்கள் சம்மதத்தோடு அந்தத் தன்னார்வலருக்குச் சொல்லி அனுப்புகின்றன. செலவில்லாத காரியம். ஏன் எல்லா இடத்திலும் செய்வதில்லை என்று எனக்கு ஆதங்கம் உண்டு.

எப்போது நிறுத்தி உதவி தேடுவது? காட்சிகளோ கனவுகளோ ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தால், வேலையோ வீடோ பாதிக்கப்பட்டால், குடி கூடினால் மனநல மருத்துவரையோ உளவியலாளரையோ பார்க்க வேண்டும். சாகலாம் என்ற எண்ணம் தலைகாட்டினால் நாள் கணக்கெல்லாம் பார்க்காமல் அன்றைக்கே. அதிர்ச்சிக்கென்றே உள்ள, நன்றாகச் சோதிக்கப்பட்ட சிகிச்சைகள் இருக்கின்றன. அவை கேட்டதால் காயம்பட்டவருக்கும் தரப்படுகின்றன. தற்காலிகமாகப் போனை விட்டுவிட்டு நிதி திரட்டுவது, பயிற்சிக்கு ஏற்பாடு செய்வது போன்ற வேலைக்கு மாறிக்கொள்ளலாம். ஒரேயடியாக விலகினாலும் அது தோல்வி அல்ல.

நீங்கள் இப்படிப்பட்ட ஒரு குழுவில் சேர நினைத்தால், அவர்கள் உங்களைப் பேட்டி எடுக்கும்போது நீங்களும் சிலவற்றைக் கேளுங்கள். பல அமைப்புகள் சேர்ந்து 2007-ல் வகுத்த அவசரகால மனநல வழிகாட்டுதல்களில் ஊழியர்களையும் தன்னார்வலர்களையும் பார்த்துக்கொள்வதற்கென்றே தனிப் பகுதி இருக்கிறது, ஆகவே இவை அதிகப்பிரசங்கித்தனமான கேள்விகள் இல்லை. வாரத்துக்கு அதிகபட்சம் எத்தனை மணி நேரம்? ஷிஃப்டின் நடுவே முடியவில்லை என்றால் யார் வந்து போனை வாங்கிக்கொள்வார்? மாதம் ஒருமுறையாவது மேற்பார்வையாளரோடு உட்கார்ந்து பேச முடியுமா, அவர் இந்தத் துறையில் பயிற்சி பெற்றவரா? எந்த வகை அழைப்பை நான் எடுக்க மாட்டேன் என்று சொல்லலாமா? போன வருஷம் விலகிப் போனவர்களிடம் ஏன் விலகினார்கள் என்று கேட்டீர்களா? கடைசிக் கேள்விக்கு “அவங்களுக்குத் தாங்குற சக்தி இல்ல” என்று பதில் வந்தால், வேறு குழுவைப் பாருங்கள்.